விண்மீன் கொத்துகளைப் படமெடுக்க எந்தக் கருவி? மொட்டை மாடியிலிருந்து ஓர் ஒப்பீடு

“விண்மீன் கொத்துகளைப் படமெடுக்க ஆசை. எட்டு அங்குல டாப்சோனியன் வாங்கட்டுமா, ஸ்மார்ட் தொலைநோக்கி வாங்கட்டுமா, இல்லை வீட்டில் இருக்கிற கேமராவுக்கு ஒரு டிராக்கர் வாங்கினால் போதுமா?” வாசகர்களிடமிருந்து இந்தக் கேள்வி வெவ்வேறு வடிவங்களில் வந்துகொண்டே இருக்கிறது. (டாப்சோனியன் என்பது கையால் திருப்பும் கண்ணாடித் தொலைநோக்கி. ஸ்மார்ட் தொலைநோக்கி, கேமரா உள்ளேயே இருந்து தானே படமெடுக்கும் கருவி. டிராக்கர், வானம் சுற்றும் வேகத்தில் கேமராவைத் திருப்பும் சிறு கருவி.) கேட்பவர்களில் பாதிப்பேர் அங்குலக் கணக்கில் யோசிக்கிறார்கள். கண்ணாடி பெரிதாக இருந்தால் படமும் நன்றாக வரும் என்ற நம்பிக்கை. கண்ணால் பார்ப்பதற்கு அந்தக் கணக்கு சரி. படத்துக்கு வேறு இரண்டு விஷயங்கள் முக்கியம். எடுக்க நினைக்கும் கொத்து வானத்தில் எவ்வளவு இடத்தை அடைக்கிறது? நீங்கள் நிற்கும் ஊர் எந்த அட்சரேகையில் இருக்கிறது?

இரண்டாவது கேள்வியைப் பற்றி இணையத்தில் கிடைக்கும் ஆலோசனைகள் அனேகமாகப் பேசுவதில்லை. அவை பெரும்பாலும் வடக்கே 40, 50 டிகிரியில் வசிப்பவர்கள் எழுதியவை. சென்னை 13 டிகிரியில் இருக்கிறது. மதுரையும் யாழ்ப்பாணமும் 10 டிகிரியை ஒட்டி. அங்கே நல்லது என்று சொல்லப்படும் கருவி இங்கே வேறு மாதிரி நடந்துகொள்ளும்.

ஒரு நல்ல செய்தியோடு தொடங்கலாம். நகரத்து மாடியிலிருந்து எடுக்க நிலவுக்கும் கோள்களுக்கும் அடுத்தபடியாகத் தோதானவை கொத்துகள்தான். நெபுலா, கேலக்ஸி ஆகியவற்றின் ஒளி பரந்து கிடப்பதால் தெருவிளக்கு வெளிச்சத்தில் கரைந்துபோகும். விண்மீனின் ஒளி ஒரு புள்ளியில் குவிவதால் சென்னை வானத்திலும் தப்பிப் பிழைக்கும்.

## முதலில் எதை வைத்து அளப்பது?

### கொத்தின் அளவு

முழுநிலவின் குறுக்களவு 30 நிமிடக்கோணம், அதாவது அரை டிகிரி. அதை மனதில் வைத்துக்கொண்டு கீழே உள்ள அட்டவணையைப் பாருங்கள். திறந்த கொத்தில் விண்மீன்கள் தளர்வாகச் சிதறிக் கிடக்கும், கோளக் கொத்தில் பந்துபோல நெருங்கியிருக்கும். எம் என்று தொடங்குபவை மெசியே என்ற வானியலாளரின் பட்டியல் எண்கள். உயரக் கணக்கு சென்னைக்கானது. தெற்கே போகப் போகத் தென்வானக் கொத்துகள் இன்னும் மேலே ஏறும்.

| கொத்து | வகை | அளவு (நிமிடக்கோணம்) | உச்ச உயரம் | மாலை வானில் வசதியான மாதங்கள் |
|---|---|---|---|---|
| கார்த்திகை, எம்45 | திறந்த கொத்து | 110 | வடக்கே 79° | டிசம்பர்–பிப்ரவரி |
| பூசம், எம்44 | திறந்த கொத்து | 95 | வடக்கே 83° | பிப்ரவரி–ஏப்ரல் |
| பெர்சியஸ் இரட்டைக் கொத்து | திறந்த கொத்து | இரண்டும் சேர்ந்து 60 | வடக்கே 46° | நவம்பர்–ஜனவரி |
| விருச்சிகத்தின் எம்7 | திறந்த கொத்து | 80 | தெற்கே 42° | ஜூன்–ஆகஸ்ட் |
| ஒமேகா சென்டாரி | கோளக் கொத்து | 36 | தெற்கே 29° | ஏப்ரல்–ஜூன் |
| தனுசின் எம்22 | கோளக் கொத்து | 32 | தெற்கே 53° | ஜூலை–செப்டம்பர் |
| ஹெர்குலிஸின் எம்13 | கோளக் கொத்து | 20 | வடக்கே 67° | மே–ஆகஸ்ட் |

கார்த்திகை கிட்டத்தட்ட நான்கு நிலவுகளின் அகலம். எம்13 ஒரு நிலவுக்கும் குறைவு. இரண்டையும் ஒரே கருவியால் நன்றாக எடுப்பது கஷ்டம். கொத்தைச் சுற்றிக் கொஞ்சம் வெற்றுவானமும் தெரிந்தால்தான் அது கொத்தாகத் தெரியும். ஆகவே கொத்தைப் போல ஒன்றரை மடங்கு அகலம் சட்டகத்தில் வேண்டும்.

ஒமேகா சென்டாரியைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. பூமியிலிருந்து தெரியும் கோளக் கொத்துகளிலேயே மிகவும் பிரகாசமானது இதுதான். லண்டனில் இது உதிப்பதே இல்லை. நமக்கோ தெற்குப் பக்கம் மறைப்பில்லாத ஒரு மாடி இருந்தால் போதும். தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் இருக்கும் நாம் எம்13-ஐத் துரத்துவதை விட இதைத்தான் முதலில் எடுக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

### துருவ நட்சத்திரம் தெரியுமா?

வானம் சுற்றுவதற்கு ஈடாகக் கேமராவைச் சுழற்றும் தாங்கு பீடமான ஈக்வடோரியல் மவுண்டுக்கு வானத்தின் வட துருவத்தைக் காட்டித் தர வேண்டும். வழக்கமான வழி, மவுண்டில் உள்ள சிறு குழல் வழியாகத் துருவ நட்சத்திரத்தைப் பார்த்துச் சரிசெய்வது. துருவ நட்சத்திரத்தின் உயரம் ஏறக்குறைய உங்கள் அட்சரேகைதான். சென்னையில் 13 டிகிரி, கன்னியாகுமரியில் 8. பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியோ ஒரு தென்னை மரமோ போதும், அது மறைந்துவிடும். மறைக்க ஒன்றும் இல்லாவிட்டாலும் அடிவானப் புழுதியில் பாதி நாள் தெரியாது.

### தலைக்கு மேலே வரும் சிக்கல்

ஸ்மார்ட் தொலைநோக்கிகள் பொதுவாக ஆல்ட்-அசிமத் வகை. இடவலமாகவும் மேல்கீழாகவும் மட்டும் நகரும். கொத்தைச் சட்டகத்தின் நடுவில் வைத்திருக்கும், ஆனால் நேரம் போகப் போகக் காட்சி மெல்லச் சுழலும். இந்தச் சுழற்சி எல்லாத் திசையிலும் ஒரே வேகத்தில் நடப்பதில்லை. சென்னையில் கார்த்திகை கிழக்கே 40 டிகிரி உயரத்தில் இருக்கும்போது மணிக்குச் சுமார் 7 டிகிரி. அதுவே உச்சிக்கு வந்ததும் மணிக்கு 75 டிகிரியைத் தாண்டும். பத்து மடங்கு! கார்த்திகையும் பூசமும் நம் தலைக்கு நேர் மேலே போகும் கொத்துகள் என்பதால் இது நம் தலையாய பிரச்சினை.

### மற்றவை

எடையும் நேரமும் கணக்கில் சேர வேண்டும். இரண்டு மாடி ஏற்றி, பூட்டி, படமெடுத்து, திரும்ப இறக்கி வைக்க வேண்டிய கருவி, வார நாட்களில் பெட்டியிலேயே கிடக்கும். விலை என்று பார்த்தால், கீழே வரும் நான்கு வழிகளில் டாப்சோனியன், டிராக்கர், ஸ்மார்ட் தொலைநோக்கி மூன்றும் ஐம்பதாயிரம் ரூபாயைச் சுற்றி இருக்கும். தொலைநோக்கி, மோட்டார் மவுண்ட், தனிக் கேமரா என்ற வழி முழுதாகச் சேரும்போது இரண்டு லட்சத்தைத் தாண்டும். டாலர் ஏறினால் இந்த எண்கள் மாறும், வரிசை பெரிதாக மாறாது.

## 1. எட்டு அங்குல டாப்சோனியனும் கைபேசியும்

இதன் குவியத்தூரம் பொதுவாக 1,200 மில்லிமீட்டர். கண் வைத்துப் பார்க்கும் லென்ஸான ஐபீஸை 25 மில்லிமீட்டரில் போட்டால் 48 மடங்கு பெரிதாகும், காட்சிப் பரப்பு ஒரு டிகிரி. இரட்டைக் கொத்து சரியாகப் பொருந்தும். கார்த்திகை பொருந்தாது.

பிரச்சினை, இது வானத்தைப் பின்தொடராது. பூமி சுற்றும் வேகத்தில் விண்மீன் நொடிக்கு 15 விநாடிக்கோணம் நகர்கிறது (நிமிடக்கோணத்தில் அறுபதில் ஒரு பங்குதான் விநாடிக்கோணம்). 48 மடங்கு பெருக்கத்தில் ஒரு நொடி எக்ஸ்போஷர் கொடுத்தாலே கைபேசிப் படத்தில் புள்ளிகள் பத்துப் பிக்சல் நீளக் கோடுகளாகிவிடும். கால் நொடி, அரை நொடியில் எடுத்து நிறையச் சட்டகங்களை மென்பொருளில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒரே படமாக்க வேண்டும். பிரகாசமான திறந்த கொத்துகள் இதில் ஓரளவு வரும். கோளக் கொத்து ஒரு புகைத்திட்டாகத்தான் வரும்.

மறைந்திருக்கும் செலவு: கைபேசியை ஐபீஸில் பிடிக்கும் மூன்று திருகு அடாப்டர் நல்லதாக வேண்டும். மலிவானவை சறுக்கும். கைபேசிக்குப் பதிலாக டி.எஸ்.எல்.ஆர். மாட்டலாம் என்று நினைப்பவர்கள் வாங்கும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பார்வைக்கென்று செய்த பல டாப்சோனியன்களில் கேமரா உடலை நேரடியாக மாட்டினால் ஃபோகஸ் கிடைக்காது, ஃபோகஸர் இன்னும் உள்ளே போக இடமிருக்காது. எடையும் 20 கிலோவுக்கு மேல்.

இருந்தும் ஒரு சூழலில் இதைத்தான் வாங்கச் சொல்வேன். வீட்டுப் பிள்ளைகளும் அக்கம்பக்கத்தாரும் கண் வைத்துப் பார்க்க வேண்டும், படம் ஒரு நினைவுக்குப் போதும் என்றால் இதற்கு ஈடு எதுவும் இல்லை. எட்டு அங்குலத்தில் இருட்டான ஊரில் ஒமேகா சென்டாரியைக் கண்ணால் பார்க்கும்போது அதன் விளிம்பில் பொடிப்பொடியாக விண்மீன்கள் பிரிவது, எந்தத் திரையிலும் கிடைக்காத காட்சி.

## 2. வீட்டில் இருக்கும் கேமராவும் ஸ்டார் டிராக்கரும்

ஏ.பி.எஸ்.-சி சென்ஸார் (பல டி.எஸ்.எல்.ஆர்.களில் இருக்கும் நடுத்தர அளவு) கொண்ட கேமராவும் 200 மில்லிமீட்டர் லென்ஸும் இருந்தால் காட்சிப் பரப்பு சுமார் 6.7 × 4.5 டிகிரி. கார்த்திகை, பூசம், அக்கம்பக்கமாக நிற்கும் எம்6-எம்7 ஜோடி, இவையெல்லாம் தாராளமாக அடங்கும். ஸ்கை-வாட்சர் ஸ்டார் அட்வென்ச்சரர் போன்ற டிராக்கர் ஒன்று 5 கிலோ வரை தாங்கும் என்பதால், பிறகு லென்ஸை எடுத்துவிட்டு 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள சின்ன ரிஃப்ராக்டரையும், அதாவது லென்ஸ் வைத்த தொலைநோக்கியையும், இதிலேயே மாட்டலாம்.

துருவ நட்சத்திரம் தெரியாதே என்று இங்கே பலர் பயந்து விலகுகிறார்கள். கணக்குப் போட்டால் பயம் பாதியாகும். துருவத்திலிருந்து அரை டிகிரி தவறி வைத்தாலும், அதாவது ஒரு முழுநிலவு அகலம் பிசகினாலும், 30 நொடியில் விண்மீன் அதிகபட்சம் 4 விநாடிக்கோணம்தான் விலகும். 200 மில்லிமீட்டர் லென்ஸில் அது ஏறக்குறைய ஒரே ஒரு பிக்சல். கொத்துகளுக்கு 30 நொடிக்கு மேல் எக்ஸ்போஷர் தேவையே இல்லை. மூன்று டிகிரி பிசகினால்கூட 10 நொடிப் படங்கள் பயன்படும்.

ஆகவே வடதிசையைச் சரியாகக் குறித்து வைத்திருந்தால் போதும். தென்னிந்தியாவில் காந்த வடக்குக்கும் மெய்யான வடக்குக்கும் வித்தியாசம் இரண்டு டிகிரிக்குள்தான், ஆனால் தளத்தின் உள்ளே இருக்கும் இரும்புக் கம்பி கைபேசியின் காம்பஸை ஏமாற்றும். அதைவிட நம்பகமான வழி சூரியன். ஒரு தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, சூரியன் அன்று உச்சத்தைத் தொடும் கணத்தில் விழும் கயிற்று நிழலைத் தரையில் பெயிண்டால் வரைந்துவிடுங்கள். உச்ச நேரத்தை ஸ்டெல்லேரியம் என்ற வான்வரைபட மென்பொருள் காட்டும். சென்னையில் டிசம்பர், ஜனவரியில் நிழல் நீளமாக இருக்கும்போது செய்ய வேண்டும். ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் நடுவிலும் நண்பகல் நிழலே இருக்காது. அந்தக் கோட்டின் மேல் முக்காலியை வைத்து, சாய்வை அட்சரேகைக்குச் சரிசெய்தால் வேலை முடிந்தது.

மறைந்திருக்கும் செலவு: கேமராவை எந்தப் பக்கமும் சாய்க்க உதவும் பால்ஹெட், அசையாத முக்காலி, ரிமோட் ஷட்டர், லென்ஸில் பனி படியாமல் இருக்க ஒரு ஹீட்டர் பட்டை. கிட் ஜூம் லென்ஸ் ஓரங்களில் விண்மீனைப் பறவை இறக்கை மாதிரி விரிக்கும், அதனால் ஜூம் இல்லாத ஒரு நல்ல ப்ரைம் லென்ஸ் வேண்டும் என்ற ஆசை வரும், வரும்போது பெரிய தொகையாக வரும். முதல் மாதங்களில் லென்ஸின் துளையை எஃப்/4 வரை மூடி எடுத்துச் சமாளியுங்கள்.

கோளக் கொத்துகளில் இது தோற்கும். 200 மில்லிமீட்டரில் எம்13 மொத்தமே 300 பிக்சல் அகலம், நடுவில் ஒரு மங்கல் பந்து. உங்களுக்குத் திறந்த கொத்துகள்தான் பிடிக்கும், கேமரா ஏற்கெனவே இருக்கிறது, விடுமுறைக்கு ஏலகிரி, ஜவ்வாது மலைப்பக்கம் போகும் பழக்கமும் உண்டு என்றால் இதற்கு மேல் யோசிக்க வேண்டாம்.

## 3. ரிஃப்ராக்டர் அல்லது நியூட்டோனியன், மோட்டார் மவுண்ட், தனிக் கேமரா

கோளக் கொத்தின் உள்ளே விண்மீன்களைப் பிரித்துக் காட்ட வேண்டுமென்றால் நீண்ட குவியத்தூரம் வேண்டும். 750 மில்லிமீட்டர் குவியத்தூரமுள்ள நியூட்டோனியனில், அதாவது கண்ணாடித் தொலைநோக்கியில், 3.76 மைக்ரான் பிக்சல் கேமரா போட்டால் ஒரு பிக்சலுக்கு ஒரு விநாடிக்கோணம். எம்13 ஆயிரம் பிக்சலைத் தாண்டும், ஒமேகா சென்டாரி இரண்டாயிரத்தை. இந்த நான்கில் மையம் வரைக்கும் மணல்மணலாகப் பிரிக்கக்கூடியது இது ஒன்றுதான். திறந்த கொத்துகளின் நிறமும் இதில் அழகாக வரும். இரட்டைக் கொத்தில் நீல வெண் விண்மீன்களுக்கு இடையே செம்பெரு விண்மீன்கள் தனித்துத் தெரிவது இந்தத் துறையின் பெரிய சந்தோஷங்களில் ஒன்று.

இப்போது செலவுக்கு வருவோம். ஒரு நடுத்தர ஈக்வடோரியல் மவுண்ட், முக்காலி, எதிர் எடைகள் எல்லாம் சேர்ந்து 20 கிலோவைத் தாண்டும். ஹார்மானிக் வகை மவுண்டுகள் மிகவும் இலகு, விலைதான் எகிறும். முன்னால் சொன்ன பிசகுக் கணக்கு இங்கே கருணை காட்டாது. அதே அரை டிகிரித் தவறு 750 மில்லிமீட்டரில் 30 நொடிக்கு 4 பிக்சல். எனவே மவுண்டின் அச்சைத் துருவத்துக்கு நேராகத் துல்லியமாக நிறுத்தும் உண்மையான போலார் அலைன்மென்ட் வேண்டும். துருவ நட்சத்திரம் மறைந்திருந்தாலும் வழி உண்டு. நினா என்ற இலவச மென்பொருளில் வானத்தின் எந்தப் பகுதியையும் மூன்று முறை படமெடுத்து, அதை வைத்தே பிசகைக் கணக்கிடும் வசதி இருக்கிறது. அதற்கு ஒரு விண்டோஸ் மடிக்கணினி மாடியில் இருக்க வேண்டும்.

அடுத்து, கடைக்காரர் சொல்லாத ஒன்று. 10, 13 டிகிரிக்குச் சாய்க்கும்போது மவுண்டின் அச்சு கிட்டத்தட்டப் படுத்துவிடும். சில மவுண்டுகளில் எதிர் எடை முக்காலியின் வடக்குக் காலில் போய் இடிக்கும். அதற்குப் பியர் நீட்டிப்பு என்று ஒரு குழாயைத் தனியாக வாங்க வேண்டிவரும். வாங்கும் முன் அந்த மவுண்டின் மிகக் குறைந்த அட்சரேகை எவ்வளவு என்று எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

வன்வட்டையும் மறக்க வேண்டாம். 26 மெகாபிக்சல் கேமராவில் ஒரு சட்டகம் சுமார் 50 எம்.பி. பத்து நொடிச் சட்டகங்களாக ஒரு மணி நேரம் எடுத்தால் 18 ஜி.பி. அதை அடுக்க வேகமான கணினியும் கேட்கும்.

கொத்துகளை மட்டும் எடுப்பவர்களுக்கு ஒரு சேமிப்பு இங்கே உண்டு. பலரும் இந்தப் பட்டியலில், மவுண்டின் பிசகை அவ்வப்போது திருத்தும் ஆட்டோகைடிங் கேமராவையும் சேர்த்துவிடுவார்கள். 10 முதல் 30 நொடிச் சட்டகங்களுக்கு அது முதல் நாளே தேவையில்லை. மவுண்டின் பல்சக்கரத் துல்லியத்தைப் பார்த்துவிட்டுப் பிறகு முடிவு செய்யலாம்.

தனி வீடு, கருவியை நிரந்தரமாக வைக்க மாடியில் ஓர் இடம், மென்பொருளோடு மல்லாடுவதில் பொறுமை, இவை மூன்றும் இருப்பவர்களுக்கு இது. வாடகை வீட்டில், லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடியில் இருப்பவர்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன், பணம் இருந்தாலும்.

## 4. ஸ்மார்ட் தொலைநோக்கி

2023-இல் வந்த சீஸ்டார் எஸ்50 இந்த வகையைப் பரவலாக்கியது. 50 மில்லிமீட்டர் விட்டம், 250 மில்லிமீட்டர் குவியத்தூரம், எடை இரண்டரை கிலோ. கேமரா, ஃபோகஸர், மவுண்ட், பனி விரட்டும் ஹீட்டர், பேட்டரி எல்லாம் உள்ளேயே. கைபேசியில் பெயரைத் தொட்டால் தானே தேடிப் பிடித்து, பத்துப் பத்து நொடியாக எடுத்து, அங்கேயே அடுக்கிக் காட்டும். துருவ நட்சத்திரம் வேண்டாம், வடக்கு எது என்றுகூடத் தெரிந்திருக்க வேண்டாம். நம் அட்சரேகைக்காரர்களுக்கு இது எவ்வளவு பெரிய விடுதலை என்பதை வெளிநாட்டு விமர்சனங்கள் உணர்த்துவதில்லை.

இதன் காட்சிப் பரப்பு சுமார் 0.7 × 1.3 டிகிரி. ஒமேகா சென்டாரி, எம்22, எம்13 வசதியாக அடங்கும். எம்13 ஐந்நூறு பிக்சல் அகலத்தில், வெளிப்புற விண்மீன்கள் பிரிந்து வரும், மையம் மட்டும் வெள்ளையாகும். இரட்டைக் கொத்தை நீளவாட்டில் வைத்தால் நெருக்கிப் பிடிக்கலாம். கார்த்திகையும் பூசமும் அடங்காது. துண்டு துண்டாக எடுத்து ஒட்டும் மொசைக் முறையில் எடுக்கலாம், அதற்கு நேரம் பல மடங்காகும். இந்தப் பெரிய கொத்துகள்தான் உங்கள் விருப்பம் என்றால் தம்பி மாடலான எஸ்30 நல்லது. விட்டம் 30 மில்லிமீட்டர்தான், ஆனால் பரப்பு 1.2 × 2.1 டிகிரி. இங்கே சின்னக் கருவி பெரியதை வெல்கிறது.

மறைந்திருக்கும் விலை அந்தச் சுழற்சிதான். உச்சியை ஒட்டி 10 நொடிச் சட்டகத்திலேயே எஸ்50-இன் ஓர விண்மீன்கள் நான்கு பிக்சல் வரை இழுபடும். இதைத் தவிர்க்க ஈக்யூ முறை என்று ஒன்று பின்னாளில் வந்தது. கருவியையே சாய்த்து அச்சைத் துருவத்தை நோக்கி வைக்க வேண்டும். 45 டிகிரி ஊரில் அது ஒரு சாய்வு. நம் ஊரில் கருவி ஏறக்குறையப் பக்கவாட்டில் படுத்துவிடும், கூடவே வரும் சிறு முக்காலி கவிழ்ந்தே போகும். கனமான முக்காலி இல்லாமல் முயல வேண்டாம்.

அதற்குப் பதில் நேரத்தை மாற்றுங்கள். கார்த்திகையை அது கிழக்கிலோ மேற்கிலோ 30 முதல் 60 டிகிரி உயரத்தில் இருக்கும்போது எடுங்கள். வடகிழக்குப் பருவமழை டிசம்பர் வரை நம்மைப் படுத்தும் என்பதால், பிப்ரவரி மாலையில் மேற்கே இறங்கும் கார்த்திகைதான் சென்னைக்காரர்களுக்கு நிஜமான வாய்ப்பு. தெற்கே தாழ்வாகவே போகும் ஒமேகா சென்டாரிக்கு இந்தச் சிக்கல் அவ்வளவாக இல்லை. உச்சத்தில்கூட மணிக்கு 17 டிகிரிதான்.

இதன் வேறு குறைகள்: ஐபீஸ் கிடையாது, கண்ணால் பார்க்கவே முடியாது. எதையும் கழற்றி மேம்படுத்த முடியாது. இறக்குமதியாளர் வழியாக இல்லாமல் வெளிநாட்டிலிருந்து நேரே வரவழைத்தால் சுங்கவரி ஒரு பக்கம், பழுது வந்தால் அனுப்ப இடமில்லாதது இன்னொரு பக்கம்.

கேமராவும் இல்லை, தொலைநோக்கியும் இல்லை, வேலைநாள் இரவில் ஒரு மணி நேரம்தான் கிடைக்கும் என்பவர்களுக்கு நான் தயங்காமல் சொல்வது இதைத்தான். நம் நாட்டுச் சூழலில் அதிக இரவுகள் மாடிக்கு ஏறும் கருவி இதுவே.

## எதை வாங்கினாலும் வரும் செலவுகள்

ஃபில்டர் விற்பவர்களிடம் கவனமாக இருங்கள். நெபுலாவுக்கான இரட்டை அலைவரிசை ஃபில்டர் விண்மீனின் ஒளியில் பெரும்பகுதியை வெட்டி நிறத்தையும் கெடுக்கும். ஸ்மார்ட் தொலைநோக்கியில் உள்ளே இருக்கும் அந்த ஃபில்டரைக் கொத்துகளுக்கு அணைத்துவிடுங்கள். பழைய ஒளிமாசு ஃபில்டர்கள் மஞ்சள் சோடியம் விளக்குகளுக்கென்று செய்தவை. இப்போது தெருவெங்கும் எல்.இ.டி., அதன் ஒளி எல்லா நிறத்திலும் பரவியிருப்பதால் பெரிய பயன் இல்லை. அந்தப் பணத்தைப் பெட்ரோலுக்கு வையுங்கள். கார்த்திகையைச் சுற்றியுள்ள நீலத் தூசுப் படலம் நகரத்திலிருந்து எந்தக் கருவியிலும் ஒழுங்காக வராது. இருட்டான இடத்தில் ஓர் இரவு போதும்.

எக்ஸ்போஷரைக் குறைவாக வைப்பது செலவில்லாத மேம்பாடு. நீளமாகக் கொடுத்தால் பிரகாசமான விண்மீன்களின் நடு எரிந்து எல்லாம் வெள்ளையாகும். சிறு சட்டகங்களாக நிறைய எடுத்து, சிரில் போன்ற இலவச மென்பொருளில் அடுக்குங்கள். திறந்த கொத்துக்கு மொத்தம் அரை மணி நேரம் தாராளம்.

பகல் வெயிலை வாங்கிய தளம் இரவு ஒன்பது, பத்து மணி வரை சூட்டை விட்டுக்கொண்டே இருக்கும், விண்மீன்கள் நடுங்கும். கோளக் கொத்தை அதற்குப் பிறகு எடுங்கள். மாலையிலேயே தளத்தில் தண்ணீர் தெளித்து வைத்தால் கொஞ்சம் உதவும், ஈரம் காய்ந்த பிறகுதான் கருவியை வைக்க வேண்டும்.

கடைசியாகப் பூஞ்சை. கடலோர ஊர்களின் ஈரப்பதத்தில் துணிப்பையில் மூடி வைத்த லென்ஸில் வலைவலையாகப் பூஞ்சை படரும், முற்றினால் கண்ணாடியின் பூச்சையே அரித்துவிடும். காற்றுப் புகாத டப்பா, சிலிக்கா ஜெல், உள்ளே ஒரு சின்ன ஈரப்பதமானி, இவை சில நூறு ரூபாய்தான். பனியில் நனைந்த கருவியை நேரே டப்பாவில் போடாதீர்கள். மின்விசிறிக்குக் கீழே ஒரு மணி நேரம் உலர்த்தி மூடுங்கள். ஜெல் நிறம் மாறினால் வாணலியில் இளஞ்சூட்டில் வறுத்துத் திரும்பப் பயன்படுத்தலாம். அந்த வாணலியைச் சமையலுக்கு எடுக்கக் கூடாது.